மெழுகில் சாய்ந்த துண்டு

மார்ச் 14, செவ்வாய். இன்றைய தவறு: நேற்று ஒரு நாக்குத் துண்டை மெழுகில் சாய்வாகப் பதித்துவிட்டேன். இன்று காலை வெட்டும்போதுதான் தெரிந்தது. சின்னத் தவறு என்று எழுத வந்தேன். சின்னதா என்று நிச்சயமில்லை.

இப்படி மூன்று வரி எழுதிவிட்டுப் பேனாவை மூடினாள். வேலை முடிந்து அவள் படிக்கப் போகும் மாலை லேப் வகுப்பில் வாத்தியார் சொல்லிக் கொடுத்த வழக்கம் இது: அன்றைய தவறு முதலில், மறுநாள் வேலை கடைசியில், நடுவில் நடந்ததெல்லாம். வகுப்பில் பாதிப் பேர் அதைக் காற்றில் பறக்கவிட்டுவிட்டார்கள். அவள் மட்டும் ஒரு நாள் தவறாமல் எழுதினாள். ஆனால் இன்று நடுவில் எழுத வேண்டியதை எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் அவளுக்கு வேலை. மேலே அறுவைச் சிகிச்சையில் எடுக்கும் சதை அவர்களிடம்தான் வரும். டாக்டர் அதைத் துண்டு துண்டாக நறுக்கிச் சின்னப் பிளாஸ்டிக் கூடுகளில் போடுவார். இரவெல்லாம் அது மருந்துகளில் ஊறும். மறுநாள் அவள் ஒவ்வொரு துண்டையும் அச்சில் வைத்து, உருகிய மெழுகை ஊற்றி, குளிரவைத்து பிளாக் ஆக்குவாள். பிறகு அதை மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டி, சாயம் ஏற்றி டாக்டரிடம் கொடுப்பாள். கூட்டின் மேல் எண்ணைப் பென்சிலால்தான் எழுத வேண்டும். பேனா மை மருந்தில் கரைந்துவிடும். அவள் காதில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருப்பதால் ஆஸ்பத்திரி முழுக்க அவளுக்குப் பெயரே பென்சில்.

அந்தப் பெயரை வைத்தவர் லிஃப்ட்காரர்.

இரண்டு வருடங்களாகக் காலையில் அவள் லிஃப்டில் ஏறியதும் அவர் ஆரம்பித்துவிடுவார். "பாதாள லோகம் போறவங்க எல்லாம் ஏறியாச்சா?" மேலே போகும்போதும் சும்மா இருக்க மாட்டார். "ரெண்டாவது மாடி. எலும்பு முறிஞ்சவங்க எறங்கலாம். மனசு முறிஞ்சவங்க என்கூடவே வரலாம்." கட்டுப் போட்ட கையோடு அழுதுகொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்துவிடுவார்கள். கீழே இறங்க வேண்டியவள், அதைக் கேட்பதற்காகவே சில நாள் அவருடன் ஒரு சுற்று மேலே போய் வந்திருக்கிறாள்.

அவருடைய நாக்கின் ஓரத்தில் ஆறாத புண் ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தவள் அவள்தான். "பல்லு குத்துது, வேற ஒண்ணுமில்ல" என்று அவர் மழுப்பினார். அவள் விடவில்லை. நச்சரித்து, கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் அனுப்பினாள். புற்று என்று சொல்லி ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். ஆபரேஷனுக்கு முதல் நாள் அவர் லிஃப்ட் கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, "வாய் சரியாகட்டும் பென்சில். உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றார்.

"இப்பவே கேக்கலாமே."

"இப்ப கேட்டா பயத்துல கேட்ட மாதிரி இருக்கும்."

என்ன கேட்பார் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் தெரிவது வேறு, அதை அவர் குரலில் கேட்பது வேறு. அன்றிலிருந்து அந்தக் குரலுக்காகத்தான் அவள் காது காத்துக் கிடந்தது.

நேற்று அவருடைய துண்டுகள் அவள் மேசைக்கு வந்தன. தமக்குத் தெரிந்தவர்களின் துண்டை யாரும் தொடக்கூடாது, பக்கத்து மேசைக்குத் தள்ளிவிட வேண்டும் என்பது அந்த அறையின் வழக்கம். அவள் தள்ளவில்லை. வேறு யார் கை பட்டாலும் பொறுக்காது போலிருந்தது. மெழுகை ஊற்றிவிட்டு, நகத்தளவு இருந்த அந்த வெளுத்த துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த நாக்குத்தானே தன்னைப் பென்சில் என்று கூப்பிட்டது என்று தோன்றியது. அந்த ஒரு நொடியில் துண்டு அச்சுக்குள் சாய்ந்தது. மெழுகு இறுகிவிட்டது. வழக்கமாக ஒவ்வொரு பிளாக்கையும் மூன்று தடவை திருப்பிப் பார்க்கிறவள், அன்று திருப்பியே பார்க்கவில்லை.

இன்று காலை, முதல் கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்ததும் தவறு தெரிந்தது. நாக்கின் மேல்தோல் ஒரு கோடாக மேலே தெரிய வேண்டும். கட்டி அங்கிருந்து எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று அளப்பதற்கு அந்தக் கோடுதான் ஆதாரம். இதில் கோடே இல்லை. கிணற்றின் விளிம்பைக் காட்டாமல் ஆழத்தைக் கேட்டால் யாரால் சொல்ல முடியும்?

பக்கத்து மேசைச் சீனியர் அக்கா எட்டிப் பார்த்தார். "என்னடி இது, பென்சிலுக்கே கூர் போச்சா?"

"உருக்கித் திருப்பி வைக்கலாமாக்கா?"

"வைக்கலாம். ஆனா நீ ஏற்கெனவே சீவித் தள்ளியிருக்கே பாரு. மிச்சம் போதுமான்னு மேடத்தக் கேளு. மொதல்ல போய்ச் சொல்லு. ஒளிச்சு வச்சா நாறிடும்."

போய்ச் சொன்னாள். டாக்டர் மேடம் மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே, "உருக்கு. திருப்பு. வெட்டு. மதியம் கொண்டா" என்றார். திட்டியிருந்தால்கூடக் கொஞ்சம் தேவலை என்று இருந்தது.

உருக்கினாள். துண்டு மெழுகிலிருந்து வெளியே வந்தபோது மூச்சுவிடப் பயந்தாள். இந்த முறை மேல்தோலின் ஓரத்தை லென்ஸில் பார்த்து, இடுக்கியால் அழுத்திப் பிடித்து, மெழுகு வெளுக்கும்வரை கையை எடுக்கவில்லை. வெட்டினாள். மெல்லிய நாடா வெந்நீரில் சுருக்கமில்லாமல் விரிந்தது. கோடு வந்துவிட்டது. அழுகை வரும்போல இருந்தது, ஆனால் அடுத்த கூடு காத்திருந்தது.

மதியம் மேடம் அவளை மைக்ரோஸ்கோப்பின் இரண்டாவது லென்ஸில் பார்க்கச் சொன்னார். இளஞ்சிவப்புத் தசைக்குள் ஊதா நிறச் செல்கள்.

"வகுப்புல படிச்சிருப்பியே. சில கட்டி கும்பலா, தோளோட தோள் சேர்ந்து எறங்கும். எல்லை தெரியும், வழிச்சு எடுத்துடலாம். இது என்ன பண்ணுது பாரு."

அவள் பார்த்தாள். கும்பலாக இல்லை. இரண்டு இரண்டாக, சில இடங்களில் தனித்தனியாக, தசை நார்களுக்கு இடையே சத்தமில்லாமல் நழுவிப் போயிருந்தன.

"பிரிஞ்சு பிரிஞ்சு போகுது மேடம்."

"ஆமா. இப்படிப் போறதுதான் பொல்லாதது. ஆழம் ஆறு மில்லிமீட்டர். நாலைத் தாண்டினாலே கழுத்துலயும் கை வச்சு நெறிக்கட்டிய எடுக்கணும்பாங்க சர்ஜன். இங்க ஒரு நரம்பு ஓரமா நிக்குது. அதைச் சுத்திப் படர்ந்திருக்கான்னு இந்த வெட்டுல தெளிவா இல்ல. இன்னும் ஆழமா சில வெட்டு வேணும். படர்ந்திருந்தா கதிர் சிகிச்சையும் சேரும்." மேடம் நிமிர்ந்தார். "நீ பதிச்சா சாயாதே. இது மட்டும் ஏன் சாஞ்சுது?"

அவள் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெரிஞ்சவரா?"

"ஆமா மேடம்."

"உறவா?"

"இல்ல."

"பின்ன?"

"இன்னும் இல்ல மேடம்."

மேடம் கண்ணாடியை எடுத்துத் தட்டில் வைத்தார். பிறகு, "இதுக்கு மேல அந்த பிளாக்க நீ தொடாத. அந்த அக்கா வெட்டட்டும். ரிப்போர்ட் போற வரைக்கும் உன் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வரக்கூடாது. புரியுதா?" என்றார். குரல் கடுமையாக இல்லை. அதுதான் அவளை அதிகம் சுட்டது.

பார்வையாளர் நேரத்தில் வார்டுக்குப் போனாள். படியேறித்தான் போனாள். லிஃப்டில் இப்போது வேறு ஒருவர், பொத்தானை அழுத்திவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவர்.

ஜன்னலோரக் கட்டிலில் அவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மூக்கில் குழாய், தாடை வீங்கியிருந்தது. பக்கத்து ஸ்டூலில் அவருடைய அண்ணி.

"வாம்மா பென்சிலு. தம்பி காலைலேர்ந்து வாசலயே பாத்துக்கிட்டு இருக்கார். கேட்டா சாயங்கால வெயில் நல்லாருக்குன்னு எழுதிக் காட்றார். வெயில் அந்தப் பக்கமே இல்ல!"

அவர் அண்ணியை முறைத்தார்.

"மொறைக்காதீங்க. இவங்க அண்ணனும் கல்யாணத்துக்கு முன்னாடி இப்படித்தாம்மா, சொல்ல வந்ததச் சொல்லாம மென்னு முழுங்குவார். இவருக்கு இப்ப மெல்லவும் வழியில்ல, முழுங்கவும் வழியில்ல." சொல்லிவிட்டு ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு அண்ணி வேண்டுமென்றே வெளியே போனார்.

அவர் மடியிலிருந்த சிலேட்டில் எழுதினார்: பாதாள லோகத்துல என்ன சேதி?

"மெழுகு வாசன, அதே வாசன."

அவர் அவள் முகத்தையே பார்த்தார். இரண்டு வருடங்களாக ஏறி இறங்கும் முகங்களைப் படித்தவர். மெதுவாக எழுதினார்: உனக்குத் தெரிஞ்சிருச்சு.

அவள் வாயைத் திறப்பதற்குள் அவரே அதைத் துணியால் அழித்தார். சொல்லாதே என்பதுபோலக் கையை ஆட்டினார்.

"நாளைக்கு டாக்டர் வருவாங்க. எல்லாம் அவங்க சொல்வாங்க" என்றாள். அதற்குமேல் ஒரு சொல் சொல்ல அவளுக்கு உரிமை இல்லை. ஆனால் கழுத்திலும் கத்தி வைக்கப் போகிறார்கள், அதற்குப் பிறகு இன்னும் எத்தனை வாரம் இந்தச் சிலேட்டு என்ற நினைப்பு நெஞ்சில் ஏறி நின்றது.

"ஒண்ணு கேக்கணும்னு சொன்னீங்களே. எழுதியாச்சும் கேளுங்க."

அவர் தலையை ஆட்டினார். முடியாது. விரலால் தன் வாயைத் தொட்டுக் காட்டினார்.

"பழைய குரல்தான் வேணும்னு நான் எங்கயும் சொல்லலையே." அவள் குரல் உடைந்தது. "கொழகொழன்னு கேட்டாலும் சரி. பாதி புரியலன்னாலும் சரி. இன்னிக்கு இல்ல, என்னிக்காவது. ஆனா உங்க வாயால கேக்கணும். எனக்கு அது வேணும்."

அவர் கண் நிறைந்தது. உதடுகள் மெல்லப் பிரிந்தன. தொண்டையிலிருந்து ஈரமாக, உருவமில்லாமல் ஒரு சத்தம் புறப்பட்டது.

"யாரு அங்க பேசறது?" நர்ஸ் கட்டிலுக்கு வந்துவிட்டார். "தையல் பிரியணுமா உங்களுக்கு? நீங்க வேற ஏம்மா வாயக் கிளறிக்கிட்டு? நேரம் முடிஞ்சுது, கெளம்புங்க."

அவர் வாயை மூடிக்கொண்டார். ஆனால் அவள் கையைப் பற்றிக்கொண்டார். நர்ஸ் அடுத்த கட்டிலுக்கு நகரும்வரை பிடித்திருந்தார்.

வகுப்புக்கு முன்னதாகவே வந்துவிட்டாள். பின்வரிசையில் உட்கார்ந்து, அந்த முதல் மூன்று வரிக்குக் கீழே இதையெல்லாம் ஒரு பக்கத்துக்குள் எழுதப் பார்த்தாள். ஆறு மில்லிமீட்டர் என்று எழுதினாள், யாருடையது என்று எழுதவில்லை. துண்டு சாய்ந்தபோது தான் என்ன நினைத்துக்கொண்டிருந்தாள் என்பதை எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதினாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்த வகுப்புத் தோழி, "என்னடி, தவறு ஒரு பக்கத்துக்குப் போகுது?" என்று எட்டிப் பார்த்தாள். எழுதிக்கொண்டிருந்தவள் பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டாள்.

வாத்தியார் உள்ளே வந்தார். கடைசி வரியை அவசரமாக எழுதி முடித்தாள்.

நாளை: நரம்புப் பகுதியின் ஆழமான வெட்டுகள் சீனியர் அக்காவிடம். எனக்கு வேறொருவரின் கழுத்து நெறிக்கட்டிகள். ஒவ்வொன்றையும் லென்ஸில் பார்த்து, நேராகப் பதிக்க வேண்டும். எட்டு மணிக்குள் மெழுகு உருகியிருக்க வேண்டும்.