மூன்று பேருக்கு ஒரு நாற்காலி

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஸ்ரீனிவாசராகவன் குடையை வாங்கிவரக் கிளம்பிவிடுவார். மழையின் பேச்சே இல்லாத மாசியிலும் கிளம்புவார். கச்சேரி ரோட்டில் அப்துல் கய்யூமின் குடை ரிப்பேர் கடையில் அவருடைய குடை ஒன்று வருஷக்கணக்காகப் பழுது பார்க்கப்பட்டுக்கொண்டே இருந்தது. அவர் மனைவி சீதா அதை நம்பினாள், அல்லது நம்பிவிடுவது சௌகரியம் என்று விட்டுவிட்டாள். அந்தக் கடையின் மூலையில், கம்பி ஒடிந்த குடைகளுக்கு நடுவே, மூன்று மூங்கில் தூண்டில் கழிகள் சாத்தியிருந்தன. ஒன்று கய்யூமுடையது. ஒன்று தியாகராய நகரில் பாத்திரக் கடை வைத்திருந்த தூத்துக்குடிக்காரர் பொன்ராஜுடையது. மூன்றாவது, கேசவப் பெருமாள் கோயிலில் பாசுரம் சேவிக்கும் கோஷ்டியில் இரண்டாவது வரிசையில் உட்காரும் ராகவனுடையது.

எல்லாம் யுத்தத்தால் வந்த வினை. ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே காலியானபோது, சீதாவையும் குழந்தைகளையும் ஸ்ரீரங்கத்துக்கு ரயிலேற்றிவிட்டு, ஆபீஸ் விடாததால் ராகவன் மட்டும் மயிலாப்பூரில் தங்கினார். ஆள் நடமாட்டமில்லாத தெருவில் இருக்கப் பிடிக்காமல் அடையாறு முகத்துவாரம் வரை நடந்தார். அங்கே ஆறும் கடலும் கலக்கும் இடத்தில் கய்யூம் தனியாகத் தூண்டிலோடு நின்றிருந்தார். வெற்றிலைப் பெட்டியைத் திறப்பதற்காக, "கொஞ்சம் புடிச்சுக்கோங்க சாமி" என்று கழியை ராகவன் கையில் கொடுத்தார். அந்த நேரம் பார்த்து நூல் இழுத்தது. அதற்குப் பிறகு பட்டணத்துக்கு ஜனங்கள் திரும்பி வந்தார்கள், யுத்தம் முடிந்தது, சுதந்திரமும் வந்துவிட்டது. ராகவன் கழியை விடவில்லை.

ஆனால் அவர் தனக்கென்று ஒரு சட்டம் வைத்திருந்தார். இறாலைக் கோர்ப்பது கய்யூம். வீசுவதும் காத்திருப்பதும் இழுப்பதும் ராகவன். மீன் கரைக்கு வந்ததும் அவர் கழியை நீட்டிவிட்டு வடக்கே பார்த்துக்கொள்வார், கய்யூம் தூண்டில் முள்ளைக் கழற்றுவார். மீன் கய்யூமின் வீட்டுக்கோ பொன்ராஜின் வீட்டுக்கோ போகும். தொடாதவரை தோஷமில்லை என்பது ராகவனின் வாதம். இந்த வாதத்தைப் பெருமாளிடம் அவர் சொல்லியிருப்பாரா என்று பொன்ராஜுக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். ஆனால் கேட்டதில்லை, அத்தனை மரியாதை.

ஒரு வருஷம் மாசியில்தான் முகத்துவாரத்தைக் குத்தகைக்கு விடப்போகிறார்கள் என்று தெரிந்தது. குத்தகைக்காரர் வலை கட்டுவார், குப்பத்து மீனவர்களுக்கு மட்டும் விலக்கு, மற்றவர்கள் தூண்டில் போட்டால் குற்றம். அதற்கு முன்னால் மீன் இலாகா அதிகாரி ஒருவர் ஊரூர் குப்பத்து ஏலக் கொட்டகைக்கு வந்து எல்லாத் தரப்பையும் விசாரிப்பாராம். தூண்டில்காரர்கள் எந்தத் தரப்பிலும் இல்லை. கய்யூமுக்குத் தொப்பி வைத்த அதிகாரியைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். பொன்ராஜ் வாயைத் திறந்தால் கைகலப்பில் முடியும்.

"நீங்கதான் பேசணும் சாமி," என்றார் கய்யூம்.

ராகவன் கழியை விரலால் தடவிக்கொண்டிருந்தார். எழுந்து நின்று பேரும் தெருவும் சொன்னால் விஷயம் அன்று சாயங்காலமே மயிலாப்பூருக்கு வந்துவிடும். கோஷ்டியில் அவருடைய அப்பா உட்கார்ந்த இடம் போய்விடும். பேசாவிட்டால் முகத்துவாரம் போய்விடும். இரண்டையும் விட அவருக்கு மனசில்லை, பாவம்.

விசாரணை அன்று ராகவன் கொட்டகைக்குள் நுழைந்தார். கூடைகளைக் குனிந்து பார்த்து, மடவை மீன்களைப் புரட்டி அளந்துகொண்டிருந்த அதிகாரி, தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். கல்யாணராமன். கோஷ்டியில் ராகவனுக்குப் பக்கத்து இடம். என்ன வேலை என்று யார் கேட்டாலும் 'சர்க்கார் உத்தியோகம்' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லாத மனுஷன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இருவருமே தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

ராகவன் திரும்பிப் போயிருப்பார். கய்யூமும் பொன்ராஜும் அவரை ஏறிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதனால் ராகவன் மேஜை அருகே போய், "தூண்டில்காரா சார்பா நான் பேசணும்," என்றார்.

குத்தகை எடுக்க வந்திருந்தவர் சிரித்தார். குப்பத்துத் தலைவர் தனபாலன் சிரிக்கவில்லை. "ஐரு மீனு புடிப்பாரா? கத வுட்றாங்க சார். வக்கீல இட்டுனு வந்துகீறாங்க. நாங்க வலை போட்டு வயித்த கழுவறோம், இங்க வக்கீலுக்கு இன்னா வேலை?"

கல்யாணராமன் மேஜையைப் பார்த்தபடி சொன்னார்: "இங்க தன் கையால மீன் பிடிக்கறவா பேச்சைத்தான் கேட்கணும்னு உத்தரவு."

தனபாலன் உள்ளே போய், தூண்டில் முள் இன்னும் வாயில் மாட்டியிருந்த ஒரு கெளுத்தியை வாளியோடு கொண்டுவந்து வைத்தார். "இத்த கழட்டட்டும். அப்பால பேசட்டும்."

"நான் கழட்டறேன்," என்று கய்யூம் முன்னால் வந்தார்.

"நீ கழட்டுவேன்னு தெரியும் பாய். ஐரு கழட்டட்டும்."

கல்யாணராமன் குரலைத் தாழ்த்தி, கோஷ்டியில் பேசுகிற அதே தொனியில், "ஸ்வாமி, வேண்டாம்னா விட்டுடலாம்," என்றார்.

ராகவன் மேல்துண்டை எடுத்து வாளியில் நனைத்தார். வடக்கே பார்த்துக்கொண்டிருந்ததாக உலகத்துக்குச் சொன்ன அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஓரக்கண்ணால் கய்யூமின் கையைத்தான் பார்த்திருக்கிறார் போலிருக்கிறது. ஈரத்துண்டை மீனின் மேல் போட்டு, அதன் பக்கவாட்டு முட்களுக்குப் பின்னால் இரண்டு விரல் கொடுத்துப் பிடித்தார். அது குளிர்ந்திருந்தது. இத்தனை சின்ன உடம்பில் அவ்வளவு பலம் இருக்கும் என்று அவர் நினைத்ததில்லை. தூண்டில் முள்ளை உள்ளே தள்ளித் திருப்பி வெளியே எடுத்தார். அந்தக் கடைசி நிமிஷத்தில் கெளுத்தி துள்ளி, முதுகு முள்ளை அவர் ஆள்காட்டி விரலில் இறக்கிவிட்டது.

ரத்தம் சொட்டச் சொட்ட அவர் முதலில் சொன்னது, "இது குஞ்சு. தண்ணியில விட்டுடுங்கோ. இந்த அளவை நாங்க எடுக்கறதில்லை," என்பதுதான்.

தனபாலன் கெளுத்தியை வாங்கி வாளியில் போட்டார். "ஐரே, நீ வக்கீலு இல்ல," என்று சொல்லிவிட்டு வாளியைத் தானே தூக்கிக்கொண்டு அலையை நோக்கிப் போனார்.

பிறகு ராகவன் பேசினார். பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. முகத்துவாரத்தை அடைத்து வலை கட்டினால் ஆற்றுக்குள் ஏறுகிற குஞ்சும் மாட்டிக்கொள்ளும், அப்புறம் குப்பத்துக்கும் மீன் இருக்காது, தங்களுக்கும் இருக்காது என்றார். சட்டம் போடும்போது தங்களையும் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்றார்.

"நீங்க சாப்பிடறதில்லையே. உங்களுக்கு எதுக்கு இந்த இடம்?" என்று கல்யாணராமன் கேட்டார். அதிகாரியாகக் கேட்ட மாதிரி இல்லை.

"அகத்துலயும் ஆபீஸ்லயும் நான் சொல்லி எதுவும் அசையாது சார். முகத்துவாரத்துல நூலைப் பிடிச்சுண்டு நின்னா அந்தண்டையிலேர்ந்து யாரோ பதில் சொல்றா. அது இல்லேன்னா நான் திங்கக்கிழமை எழுந்திருக்க மாட்டேன்."

கொட்டகையில் ஒருவரும் சிரிக்கவில்லை. முடிவு எதுவும் சொல்லாமல் கல்யாணராமன் தொப்பியை எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தபோது விரல் வாழைப்பூ மடல் போல வீங்கியிருந்தது. குடைக்கம்பி குத்திவிட்டது என்றார். சீதா சுடுதண்ணீர் கொண்டுவந்து வைத்து, "அந்தக் குடை கடிக்கவும் செய்யறதா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

சாயங்காலம் கோஷ்டிக்குப் போகாமல் இருந்துவிடலாமா என்று நினைத்தார். போனார். பக்கத்து இடம் காலியாக இருந்தது. முன்வரிசைப் பெரியவர் ஒருவர் திரும்பி விரலைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார். சேவிக்க ஆரம்பித்தும் ராகவனுக்குக் குரல் எழவில்லை. அப்போதுதான் கல்யாணராமன் குளித்து, பளிச்சென்று நாமம் போட்டுக்கொண்டு வந்து, வழக்கமான இடத்தில் வழக்கமாக உட்கார்ந்தார். பாசுரத்துக்கும் பாசுரத்துக்கும் நடுவில், உதடு அசையாமல் சொன்னார்: "குத்தகை என்ன ஆகும்னு என்னால சொல்ல முடியாது. அடுத்த கூட்டத்துல உங்க மூணு பேருக்கும் சேர்த்து ஒரு நாற்காலி போடச் சொல்லியிருக்கேன்."

ராகவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. குரலும் வந்தது.

தீர்த்தம் கொடுத்துக்கொண்டு பட்டர் வரிசையில் வந்துகொண்டிருந்தார். கல்யாணராமன் கையை நீட்டினார். முழங்கைக்குப் பின்னால், அவர் கண்ணுக்கே படாத இடத்தில், ஒரு மடவைச் செதில் ஒட்டிக்கொண்டு விளக்கு வெளிச்சத்தில் மின்னியது. முன்வரிசைப் பெரியவர் மறுபடி திரும்பப்போனார். ராகவன் சட்டென்று இடது கையால் அதைக் கிள்ளி எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டு, வீங்கிய விரலோடு வலது கையைத் தீர்த்தத்துக்கு நீட்டினார்.