தெருவுக்குப் பத்து மார்க்

கணக்கெடுக்க வந்த பெண் தையல்காரியின் வாசலில் நின்று கேட்டாள்: "இந்தத் தெருவுல பயமில்லாம இருக்கீங்களா? பத்துக்கு எத்தனை மார்க் போடுவீங்க?"

எதிர்வீட்டு அக்கா முந்திக்கொண்டாள். "பத்துக்குப் பத்து போட்டுக்கம்மா. முன்னாடி இங்க ஒரு இஸ்திரிக்காரன் இருந்தான். இவ சங்கிலி காணாமப் போனதும் எல்லாருமாச் சேர்ந்து வண்டியோட விரட்டிட்டோம். நெருப்பத் தொட்டு சத்தியம் பண்ணான், நாங்க மசியலையே! அதுக்கப்புறம் ஒரு குண்டூசி தொலையல."

ஊருக்குக் கிளம்பும்போது திருடனுக்குப் பயந்து, சங்கிலியை மாவு டப்பாவுக்குள் புதைத்தது தையல்காரியேதான். திரும்பி வந்ததும் புதைத்ததை அடியோடு மறந்துவிட்டு, தெருவையே கூட்டி ஒப்பாரி வைத்ததும் அவள்தான். இன்று காலை மாவு சலித்தபோது சல்லடையில் மிஞ்சிக் கிடந்தது அந்தப் பாழாய்ப்போன சங்கிலி.

"நீங்க சொல்லுங்கக்கா," என்றாள் கணக்கெடுப்பவள்.

உண்மையைச் சொல்லிவிடத்தான் தையல்காரி வாயைத் திறந்தாள். "பாவம், அதை நெனச்சாலே இவளுக்குத் தொண்டை அடைக்குது," என்று அக்கா அவள் தோளை அணைத்துக்கொண்டாள்.

"நானும் பத்துதாம்மா," என்றாள் தையல்காரி. மாவு ஒட்டிய அவள் கை, திருடியின் கை மாதிரி, தானாகவே முதுகுக்குப் பின்னால் போனது.