வராத அறுபது பம்புகள்

மவுண்ட் வெல்லிங்டனில் உள்ள கம்பெனிக்குப் போகும் வழி முழுக்கச் சாந்தகுமாரிக்கு வயிறு எரிந்தது. பக்கத்தில் மேலாளர் கிராண்ட் விசிலடித்தபடி கார் ஓட்டினான். மென்பொருளைச் சோதிப்பது அவள் வேலை. மூன்று மாதத்துக்கு முன்பே எழுதிக் கொடுத்திருந்தாள்: நூறு சாமானுக்கு ஓர்டர் போட்டு, நாற்பது வந்தபின் மீதியை ரத்துச் செய்தால், வராத அறுபதும் வந்துவிட்டதாகக் கம்பியூட்டர் பதிகிறது.

"யார் பாதியில் ரத்துச் செய்யப் போகிறார்கள்?" என்று குறுக்கே கோடு கிழித்துவிட்டு மென்பொருளை விற்றான் அந்தப் புத்திசாலி. அதை வாங்கிய முதல் கம்பெனியே, இப்போது போகும் இதே கம்பெனிதான், ஓர்டரைப் பாதியில் ரத்துச் செய்தது. இப்போது அங்கே திரையில் நூறு தண்ணீர்ப் பம்பு, ஸ்டோர் தட்டுகளில் நாற்பது; மென்பொருளில் பிழையில்லை என்று இயக்கிக் காட்டத்தான் இந்தப் பயணம்.

மீதியைத் திருடிய பழி அங்குள்ள ஸ்டோர்கீப்பர் ஆனந்தராசாவின் தலையில். அவர்கள் போய் இறங்கியபோது, மத்தியானம் சாப்பிட வெளியே போனவரை வாசலில் மறித்து, காவலாளி அவருடைய சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆளுயரப் பெட்டியிலேயே மூன்றுதான் அடங்கும் பம்பை இடியப்பத்துக்கடியில் தேடுகிறார்களாம்!

"ஒவ்வொரு நாளும் இப்பிடித்தான், தங்கச்சி," என்றார் அவர், நிமிராமலே. "நாளையோட என்னை வேலையால நிப்பாட்டப் போயினமாம். கள்ளன் எண்டு எழுதி விட்டா, பிறகு ஆர் வேலை தருவினம்?"

"கொஞ்சம் பொறுங்கோ அண்ணை. நீங்களும் உள்ள வாங்கோ."

கிராண்ட் அவள் காதருகே குனிந்தான். "ஒன்றுமே வராத ஓர்டரை ரத்துச் செய்து காட்டு, போதும்; அதில் பிழை தெரியாது. உன்னை வேலையில் நிரந்தரமாக்கும் கடிதம் என் மேசையில் கையெழுத்துக்குக் கிடக்கிறது."

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கம்பெனி முதலாளியின் முன்னால் உட்கார்ந்து புதிதாக நூறு பம்புக்கு ஓர்டர் போட்டாள். நாற்பது வந்ததாகப் பதிந்தாள். கிராண்ட் அவள் நாற்காலியைக் காலால் இடித்தான். இடிக்கட்டும். மீதியை ரத்துச் செய்து, கையிருப்புப் பக்கத்தைத் திறந்தாள்.

இந்த ஓர்டரில் வந்தது: நூறு.

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"இப்போது உங்கள் கண்முன்னாலேயே நானும் அறுபது பம்பு திருடிவிட்டேன்," என்று சாந்தகுமாரி தன் கைப்பையை அவர் முன்னால் தூக்கி வைத்தாள். "திறந்து பாருங்கள்."

அவர் கை நீளவில்லை. ஆனந்தராசா கதவடியிலிருந்து வந்து, தன் சாப்பாட்டுப் பெட்டியையும் அந்தப் பைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இனி நான் திறக்கமாட்டன்," என்றார் தமிழிலேயே. யாரும் மொழிபெயர்க்கச் சொல்லவில்லை.