முதுகு காட்டாத மருமகள்

நவம்பர் வந்துவிட்டால், பனிமலை அடிவாரத்து ஊரான கரகோலில் எங்கள் நீராவிக் குளியல் கூடத்தில் உட்காரக்கூட இடம் கிடைக்காது. பனி விழுவதற்குள் உடம்பைப் பிடித்துவிட்டுக்கொள்ள வேண்டுமென்று சறுக்குகிறவர்கள் எல்லாரும் உல்கானைத் தேடி வருவார்கள். பயிற்சியாளர், மீட்புப் படைக்காரர், ஞாயிற்றுக்கிழமை மட்டும் மலைக்குப் போய் விழுகிற ஆபீஸ் ஆட்கள், எல்லாருக்கும் அவள் கைதான் வேண்டும். நான் ரோசா. பக்கத்து மேசை என்னுடையது. அவளிடம் இடம் கிடைக்காதவர்கள் என்னிடம் வருவார்கள். அதில் எனக்கு வருத்தமே இல்லை என்றால் நீங்கள் நம்பப் போவதில்லை, விடுங்கள்.

வருகிற ஆளை உல்கான் உடனே படுக்கவிடமாட்டாள். "அந்தக் கதவு வரைக்கும் நட பாப்போம்" என்று முதுகைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். "வரும்போது எல்லாரும் நல்லாத்தான் நடப்பாங்க. போகும்போதுதான் வண்டவாளம் தெரியும்" என்பாள். எந்த இடுப்பு ஏறியிருக்கிறது, எந்த முழங்கால் பயப்படுகிறது என்று தொடாமலே சொல்லிவிடுவாள். சரியாகவும் இருக்கும். எரிச்சலாக வரும் எனக்கு.

அவள் மருமகள் பெகிமாய் கல்யாணத்துக்கு முன்னால் மலையில் பனிப்பலகை ஓட்டக் கற்றுக்கொடுத்தவள். பிள்ளை வயிற்றில் ஒரு பருவம், மடியில் ஒரு பருவம் போய்விட்டது. இந்த டிசம்பரில், மலையில் சறுக்குத்தளத்தை நடத்துகிற மலைத்தலைவர் முன்னால் ஓட்டிக்காட்ட வேண்டும். நன்றாக ஓட்டினால் பழைய வேலை, இல்லாவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்கு. "அது கிடைக்கலன்னா எனக்குப் பைத்தியமே பிடிச்சிரும்க்கா" என்று என்னிடம் சொல்லியிருந்தாள்.

மதியச் சாப்பாடு கொண்டுவருவது அவள்தான். இடது இடுப்பில் பிள்ளை, வலது கையில் தூக்கு, தலையில் முக்காடு. குனிந்து வணங்கிவிட்டு, மாமியாரைப் பார்த்தபடியே பின்னால் நகர்ந்து நகர்ந்து வாசலைத் தாண்டுவாள். எங்கள் ஊர் வழக்கப்படி மருமகள் மாமியாருக்கு முதுகைக் காட்டக் கூடாது, அவர் பக்கம் காலை நீட்டக் கூடாது. மற்ற வீடுகளில் இதையெல்லாம் எப்போதோ தளர்த்திவிட்டார்கள். உல்கான் வீட்டில் இம்மியும் நகராது. "வந்த நாள்லேர்ந்து என் மருமக எனக்கு முதுகு காட்டினதில்ல" என்று சந்தையில் நின்று பீற்றிக்கொள்வாள்.

ஒருநாள் மந்தி என்கிற, கறி வைத்து அவித்த கொழுக்கட்டையைக் கொடுத்துவிட்டு பெகிமாய் வழக்கம்போலப் பின்னால் நடந்து வெளியே போனாள். நான் ஜன்னலோரம் எண்ணெய்ப் புட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். முற்றத்தில் அவள் திரும்பி நடந்ததைப் பார்த்ததும் திக்கென்றது. இடுப்பு ஒரு பக்கமாக ஏறி, இடது கால் இழுத்துக்கொண்டு போனது. ஓடிப்போய்ப் பிடித்தேன்.

"என்னடி இது?"

"ஒண்ணுமில்லக்கா. சாயங்காலம் உருட்டுக்கட்டைய வெச்சு தொடைய உருட்டிக்கிறேன். சரியாயிரும்."

"மாவு தேய்க்கிற கட்டையா? அடிப்பாவி! ஊரையே நிமித்துற கை உன் வீட்டுலயே இருக்கு."

"அத்தை முன்னாடி எப்படிக்கா குப்புறப் படுக்கிறது? காலை வேற அவங்க பக்கம் நீட்டிக்கிட்டு! எனக்கு உசுரே போயிரும்."

"அப்ப என்கிட்ட வா."

"உங்ககிட்ட வந்தா, மாமியாரை விட்டுட்டு அடுத்தவகிட்ட போனான்னு அவங்களுக்குத்தானே அவமானம்? சொல்லிறாதீங்கக்கா, கும்பிட்டுக் கேக்கறேன்."

சொல்லிவிட்டேன். பின்னே, வாயை மூடிக்கொண்டு அந்தப் பெண் மலையில் இடுப்பை முறித்துக்கொள்வதைப் பார்க்கச் சொல்கிறீர்களா?

உல்கானுக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. "என் மருமகளா நொண்டுறா? பொழுதன்னைக்கும் என் கண்ணு முன்னாடி இருக்கிறவளை நீ எனக்குச் சொல்றியா?"

"கண்ணு முன்னாடிதான் இருக்கா. அவ போறத என்னைக்காவது பாத்திருக்கியா?"

அவள் கை நின்றுவிட்டது. மேசையில் கிடந்த மீட்புப் படைக்காரன், "அக்கா, பாதியில விட்டுட்டீங்களே" என்று முனகினான்.

"சும்மா கெடடா" என்றாள்.

மறுநாள் பெகிமாய் வந்ததும், "பிள்ளைய ரோசாகிட்ட குடு. திரும்பி, கதவு வரைக்கும் நட" என்றாள்.

பெகிமாய்க்கு முகம் வெளுத்துவிட்டது. என்னை ஒரு முறை முறைத்துவிட்டுப் பின்னாலேயே நகர ஆரம்பித்தாள்.

"திரும்புடீ!"

திரும்பினாள். நடந்தாள். நாலு எட்டுதான் இருக்கும், உல்கான் முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். "ஊர் இடுப்பையெல்லாம் பாத்தேனே, பாவி" என்று தன் தலையில் அடித்துக்கொண்டாள்.

படுக்கவைக்கப் பெரும்பாடாகிவிட்டது. முக்காட்டை மட்டும் அவிழ்க்கமாட்டேன் என்றாள், அதோடு குப்புறப் படுத்தாள். கால்விரல்கள் மாமியார் பக்கம் படாமலிருக்க மடக்கி மடக்கி இழுத்துக்கொண்டாள். உல்கான் அந்தப் பாதம் இரண்டையும் பிடித்துத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

"வலிக்குதா?"

"இல்ல அத்தை."

"பொய் சொன்னே, கிள்ளிருவேன்."

"வலிக்குது அத்தை" என்று சொல்லிவிட்டு அழுதாள் அவள். எங்கே வலிக்கிறது என்று பிறகு கேட்க வேண்டியிருக்கவில்லை.

அன்றிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் அழுத்திப் பிடித்தாள். பிள்ளையை இடது இடுப்பில் வைத்தால் தொலைத்துவிடுவேன் என்று மிரட்டினாள். ஓட்டிக்காட்டும் நாள் நெருங்கியதும் அழுத்துவதை நிறுத்திவிட்டு லேசாக நீவிவிட்டதோடு சரி. கடைசி நேரத்தில் கசக்கினால் கால் துவண்டுவிடும்.

அந்தக் காலையில் உல்கான் வாழ்க்கையில் முதல்முறையாக மலைக்குப் போகும் தொங்கு நாற்காலியில் ஏறினாள். மேலே போய்ச் சேரும்வரை கண்ணைத் திறக்கவில்லை. என் கையைப் பிடித்த இடம் கன்றிப்போயிற்று.

உச்சியில் பெகிமாய் பலகையைக் காலில் மாட்டிக்கொண்டு நின்றாள். கீழே மலைத்தலைவர் கொடியை அசைத்தார். அவள் கிளம்பவில்லை. பின்னால் மாமியார் நிற்பதைப் பார்த்துவிட்டாள். முகம் எங்கள் பக்கம், உடம்பு சரிவுப் பக்கம், திருகிக்கொண்டு நின்றாள். கொடி மறுபடி அசைந்தது.

"என்னடீ என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு நிக்கிற?" உல்கான் கத்தியதில் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். "முதுகைக் காட்டு! போடீ!"

போனாள். இடமும் வலமும் வளைந்து வளைந்து, பனியை வாரி இறைத்துக்கொண்டு போனாள். கீழே தலைவர் அவள் தோளில் தட்டிப் பயிற்சியாளர்களின் சிவப்புச் சட்டையைக் கையில் கொடுத்தது மேலிருந்தே தெரிந்தது. நான் குதித்தேன்.

உல்கான் சட்டையைப் பார்க்கவில்லை. பலகை கீறிவிட்டுப் போன தடத்தையே பார்த்துக்கொண்டு, முக்காட்டு நுனியால் மூக்கைத் துடைத்தாள்.

"எவ்வளவு அழகாப் போறா பாத்தியா ரோசா" என்றாள். "இத்தனை நாளா நான் இதைப் பாக்கவே இல்லையே."