ஆறாவது கடையில் அள்ளிப் போட்ட உப்பு

முப்பத்தோரு வருஷம் ஓட்டல் சமையலறைகளில் புகைபோக்கி துடைத்தவன் நான். அடுப்புக்கு மேலே ஒரு தகரக் கூண்டு இருக்கும். அதற்குள் தலையை விட்டு எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டி எடுப்பதுதான் வேலை. வாசலில் கண்ணாடி பளபளக்கும். உள்ளே கூண்டிலிருந்து கறுப்பாகச் சொட்டும், நேராகச் சட்டிக்குள். அதைப் பார்த்த கண்ணோடு எவன் போய்ச் சாப்பிடுவான்? நான் வெளியில் கை நனைப்பதே இல்லை.

அப்படிப்பட்டவனை என் மைத்துனன் ஒரு ஞாயிற்றுக்கிழமை புது ஓட்டலுக்குக் கூப்பிட்டான். செத்துப்போன என் பெண்சாதியின் தம்பி அவன். பெரிய ஓட்டல் ஒன்றில் தலைமைச் சமையல்காரன்.

"அத்தான், புதுசா ஒரு கடை தெறந்திருக்காங்க. வாங்க, போய்ப் பாத்துட்டு வருவோம்."

"ஊருக்கே ஆக்கிப் போடறவன் நீ. உனக்கு எதுக்குடா அடுத்தவன் கைச் சோறு?"

"சும்மாதான் அத்தான்."

சும்மாவாம். எலி அம்மணமாக ஓடினால் ஏதோ காரணம் இருக்கும். அந்தக் காரணத்தைக் கண்டுபிடிக்கத்தான் போனேன், சாப்பிட அல்ல.

அந்தக் கடையில் நாற்காலிகளைக் கூரையிலிருந்து கயிற்றில் தொங்க விட்டிருந்தார்கள். உட்கார்ந்தால் கால் தரையில் படாது. நான் உட்காருவதற்கு முன்னால் சந்து வழியாகப் பின்பக்கம் போய்ப் புகைக்குழாயின் வாயைப் பார்த்துவிட்டு வந்தேன். சுத்தமாக இருந்தது. சரி என்று ஊஞ்சலில் ஏறினேன். பூசணிக்காய் சூப்பு வந்தது. மைத்துனன் ஒரு கரண்டி குடித்தான். அப்புறம் என் வாயையே பார்த்தான்.

"எப்படி இருக்கு அத்தான்?"

"உனக்கு வாய் இல்லையா?"

"நீங்க சொல்லுங்க. இனிப்பு தூக்கலா? மிளகு எப்ப தெரியுது, மொதல்லயா, முழுங்கினப்புறமா?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். இனிப்பு முன்னால் வருகிறது, மிளகு தொண்டையில் போய்த்தான் நிற்கிறது என்றேன். என் பெண்சாதிகூட நாற்பது வருஷத்தில் என்னை இத்தனை கேள்வி கேட்டதில்லை.

அடுத்த ஞாயிறு வேறு கடை. பட்டப்பகலில் ஜன்னலையெல்லாம் மூடிக் குகை மாதிரி வைத்திருந்தான் அந்தக் கடைக்காரப் புண்ணியவான். இருட்டில் வைத்தால் எதையும் விற்றுவிடலாம். அங்கேதான் கவனித்தேன், மேஜைக்கு அடியில் இவன் ஒரு சின்ன நோட்டு வைத்து எழுதிக்கொண்டிருக்கிறான். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறான். நான் எட்டிப் பார்த்ததும் சட்டைப்பைக்குள் திணித்துவிட்டான்.

அன்றைக்கே எனக்கு விளங்கிவிட்டது. அதாவது, விளங்கிவிட்டதாக நினைத்தேன். இந்தக் கடை அருமை, அந்தக் கடை மோசம் என்று போனில் எழுதுகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு ஓசியில் சாப்பாடு போடுகிறார்களாம். இவன் என் நாக்கை வைத்து அந்த வியாபாரம் பண்ணுகிறான் என்று முடிவு கட்டினேன். பண்ணட்டும். நானும் ஒரு கை பார்க்கிறேன்.

காளான் வறுவல் நன்றாகத்தான் இருந்தது. "கசக்குதுடா" என்றேன். எழுதிக்கொண்டான்.

அடுத்த வாரம் கருங்கல் பலகையில் சுட்ட மீன் வைத்தார்கள். எலுமிச்சை அளவாக இருந்தது. "புளிப்புல பல்லு கூசுது" என்றேன். எழுதினான். அதற்கடுத்த கடையில் கோழியில் உப்பே இல்லை என்றேன். ஐந்தாவது கடையில் ஆப்பிள் வேகவைத்துத் தந்தார்கள், அதைக் காரம் என்றேன்.

"ஆப்பிள் காரமா?"

"பின்னே? நாக்கு எரியுது."

அதையும் எழுதினான். பாவி, ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லையே! அங்கேதான் எனக்கு இடித்தது. இருபத்தைந்து வருஷம் சமைத்தவன், அதே ஆப்பிளை அவனும்தான் தின்றான். காரம் இல்லை என்று அவனுக்குத் தெரியாதா?

ஆறாவது கடையில் மறுபடி பூசணிக்காய் சூப்பு. அவன் கை கழுவப் போனபோது அவனுடைய சூப்பில் மூன்று கரண்டி உப்பை அள்ளிப் போட்டுக் கலக்கிவிட்டேன். வந்தான். குடித்தான். நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். புருவம்கூட அசையவில்லை. கிண்ணத்தைச் சாய்த்து அடிவரைக்கும் வழித்துக் குடித்தான்.

"எப்படி மாப்ளே இருக்கு?"

"பிரமாதம் அத்தான்."

"நாயே, கடல்தண்ணி அது. எத்தனை நாளா இப்படி?"

கரண்டியைக் கீழே வைத்தான்.

"நாலு மாசம். காய்ச்சல் வந்துச்சே, அதோட போச்சு. வாசனையும் இல்ல, ருசியும் இல்ல. பழைய அயிட்டமெல்லாம் கை அளவுலயே வந்துடுது. இப்ப எங்க முதலாளி புதுசா அஞ்சு அயிட்டம் போடணும்னுட்டாரு. வர்ற வெள்ளிக்கிழமை மத்தியானம் உக்காந்து அஞ்சையும் சாப்பிட்டுப் பாக்கப் போறாரு. நான் ருசியே பாக்காததை எப்படி ஆக்குவேன்? அதான், அதெல்லாம் எங்க நல்லாப் போடறாங்களோ அங்கயே உங்களக் கூட்டிட்டு வந்தேன்."

அவனுடைய முதலாளிக்கு ஆட்கள் வைத்த பேர் தராசு. ஒரு சிட்டிகை உப்பு கூடினாலும் சொல்லிவிடுவாராம். முந்தின சமையல்காரனுக்கு மூக்கு அடைத்த ஒரே வாரத்தில் சீட்டைக் கிழித்தவர்.

"ஏன்டா என்னைப் பிடிச்சே? உலகத்துல வேற நாக்கே இல்லையா?"

"மத்தவங்க எது கொடுத்தாலும் சூப்பர்னுவாங்க. நீங்க மட்டுந்தான் மூஞ்சிக்கு நேரா உண்மையச் சொல்றவரு."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. நோட்டை வாங்கிப் பார்த்தேன். 'காளான்: கசப்பு, அத்தான் சொன்னது. மீன்: பல் கூசும் புளிப்பு, அத்தான் சொன்னது.' ஒவ்வொரு வரியிலும் நான் உட்கார்ந்திருந்தேன்.

"மாப்ளே, ரெண்டாவது கடையிலேர்ந்து நான் சொன்னதெல்லாம் பொய்."

"எல்லாமா?"

"எல்லாம்."

"அந்தக் காளான்?"

"கசக்கல."

"அய்யோ அத்தான், அந்தக் கசப்பு வரணும்னு மூணு நாளா காளானைக் கருக்கிக்கிட்டு இருக்கேன்!"

திட்டுவான் என்று பார்த்தேன். மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினான். அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியவில்லை. இரண்டும்தான் போலிருக்கிறது.

மிச்சம் நாலு நாள் இருந்தது. நான் பொய் சொன்ன நாலு கடைக்கும் திரும்பப் போனோம். இருட்டுக் குகையில் மறுபடி காளான், கல்பலகையில் மறுபடி மீன். இந்தத் தடவை நான் கண்ணை மூடிக்கொண்டு மென்றேன். உப்பு எந்த இடத்தில் தெரிகிறது, புளிப்பு எவ்வளவு நேரம் நிற்கிறது, எதுவும் விடாமல் சொன்னேன். வாழ்நாளில் சாப்பாட்டை அப்படிக் கவனித்தவன் இல்லை நான். ஒரு மீனுக்குள் இவ்வளவு விஷயமா என்று எனக்கே ஆச்சரியம்.

"வெள்ளிக்கிழமை நீங்களும் வந்துடுங்க. கடைசி உப்பு பாக்க நாக்கு வேணும்" என்றான்.

"சமையலறைக்குள்ள என்னை யாருடா விடுவான்?"

சொல்லி வாயை மூடுவதற்குள் எனக்கே பதில் தெரிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலையில் என் பழைய வாளி, சுரண்டும் தகடு, ஏணி, எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனேன். ஒரு ஆளும் ஏன் என்று கேட்கவில்லை. அணைந்திருந்த அடுப்புக்கு மேலே ஏணியைப் போட்டு ஏறிக் கூண்டுக்குள் தலையை விட்டேன். துடைத்து ஒரு வருஷமாவது இருக்கும், அவ்வளவு பிசுக்கு. கீழே பக்கத்து அடுப்பில் மைத்துனன் சமைத்தான். யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு கரண்டி மேலே வரும்.

"உப்பு போதும்."

"இதுக்கு?"

"எலுமிச்சை இன்னும் நாலு சொட்டு. நாலுன்னா நாலு."

மத்தியானம் தராசு வந்தார். மேஜை கீஜை ஒன்றும் இல்லை, சமையலறையிலேயே நின்றபடி சாப்பிட்டார். ஐந்து தட்டிலும் இரண்டிரண்டு வாய். மைத்துனன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான். நான் மேலே சுரண்டுவதை நிறுத்தினேன். அவர் அண்ணாந்து பார்த்தார்.

"யாரு அது?"

"புகைபோக்கி துடைக்கிறவருங்க" என்றான் மைத்துனன்.

"பெரியவரே, இறங்கி வாங்க. இந்த மீனைச் சாப்பிட்டுட்டு உள்ளதைச் சொல்லுங்க. இவங்க யாரும் எனக்கு உண்மை சொல்றதில்ல."

இறங்கினேன். முதல்தடவை தின்கிற மாதிரி மென்றேன்.

"மீனு நல்லாருக்கு. உங்க புகைபோக்கிதான் நாறுது. இன்னும் பத்து நாள்ல சட்டிக்குள்ள சொட்டும்."

தராசு சிரித்துவிட்டார். "எனக்கும் மீன் சரியாத்தான் இருக்கு. அஞ்சையும் போட்டுடலாம்" என்றார். போகிற போக்கில் என்னிடம், "வாரம் ஒரு நாள் வந்து துடைச்சுக் கொடுங்க" என்றார்.

அவர் போனதும் மைத்துனன் என்னிடம் ஓடி வந்தான்.

"அத்தான், நெஜமாவே நல்லா இருந்துச்சா?"

"நல்லா இருந்துச்சுடா."

"சத்தியமா?"

யாரையும் நம்பாதவன் என்று பேர் வாங்கினவன் நான். இப்போது என்னை நம்ப ஆள் இல்லை. வாய்ப்பேச்சு இனி எடுபடாது என்று தெரிந்தது. வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். அந்த மீன் தட்டை மடியில் வைத்து, முள்ளைத் தவிர ஒரு துணுக்கு விடாமல் தின்று, வழித்து, வெறும் தட்டை அவனிடம் நீட்டினேன்.