ஆறாவது ரோஸ் தட்டு

கண்ணாடித் தட்டுகள் இருவகைப்படும். ஒன்று, உண்பதற்கு உரியவை. மற்றொன்று, பார்ப்பதற்கு உரியவை. எங்கள் வீட்டில் உள்ளவை யாவும் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. என் கணவர் செல்லப்பாண்டி திராட்சைத் தோட்டத்திலிருந்து பசியோடு வந்து, முதல் வகை எங்கே என்று வினவுவார். அவருக்கு எவர்சில்வர் தட்டு வழங்கப்படும்.

நான் பழைய கண்ணாடிப் பாத்திரங்களைச் சேகரிப்பவள். அடர்ந்த நிறங்களை நான் நாடுவதில்லை. வெளிர் நிறங்களே என் துறை. எனக்குத் தெரிந்தவரை கம்பத்தில் இத்துறையில் ஈடுபட்டோர் என்னையும் சேர்த்து இருவரே ஆவர். வெளிர்பச்சைக் கிண்ணம் நான்கு, எலுமிச்சை நிறச் சர்க்கரைக் குடுவை ஒன்று, வான்நீலச் சாசர் ஏழு ஆகியவை என் அலமாரியில் உள்ளன. ஆயினும் அவற்றுள் தலைமை சான்றவை ஐந்து ரோஸ் தட்டுகளே. மேகமலையில் ஓர் எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தபோது அவை சின்னமனூர்ப் பழைய சாமான் கடைக்கு இறங்கி வந்தன. அவற்றின் விளிம்பில் கொடியும் பூவும் அச்சாகியிருக்கும். வெயிலில் தூக்கிப் பிடித்தால், சுவரில் யாரோ ரோஸ்மில்க்கைக் கொட்டியது போன்ற தோற்றம் உண்டாகும்.

கடைக்கு வந்தவை மொத்தம் ஆறு. நான் பேருந்தில் போய்ச் சேர்வதற்குக் கால் மணி நேரம் முன்பு ஒருவர் ஒரு தட்டை வாங்கிச் சென்றுவிட்டார். அவர் எங்கள் தெருவில் நான்காம் வீட்டில் வசிக்கும் அக்தர் பேகம் ஆவார். மேற்கூறிய இருவரில் மற்றவர் அவரே.

"ஏக்கா, ஒத்தத் தட்ட வச்சுக்கிட்டு என்ன செய்யப் போறீக?" என்று அன்றே கேட்டேன்.

"அஞ்சு தட்ட வச்சுக்கிட்டு நீ என்ன செய்யிறியோ, அதத்தேன்" என்றார்.

இந்நிலை இரண்டு ஆண்டுகள் நீடித்தது. மூன்றாம் ஆண்டில் என் மகள் வேல்விழியைப் பேசி முடிப்பதற்குக் கூடலூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக முடிவாயிற்று. மாப்பிள்ளையின் தாயார் மலையம்மாள், ஞாயிற்றுக்கிழமை ஆறு பேர் வருவோம் என்று தொலைபேசியில் தெரிவித்தார். அப்போது என் வாயிலிருந்து ஒரு வாக்கியம் என்னைக் கேளாமலே புறப்பட்டது.

"வாங்க மதினி. ஆறு பேருக்கும் ரோஸ் கண்ணாடித் தட்டுலதேன் சாப்பாடு."

புறப்பட்ட வாக்கியத்தைத் திரும்பப் பெறும் வசதி தொலைபேசியில் இல்லை. ஐந்து பேருக்குக் கண்ணாடியும் ஒருவருக்கு எவர்சில்வரும் வைத்தால் அந்த ஒருவர் ஆயுள் முழுவதும் அதைச் சொல்லிக் காட்டுவார் அல்லவா? ஆகவே அக்தர் பேகத்திடம் தட்டை இரவல் கேட்டேன்.

"கண்ணாடிய மட்டும் கேக்காத சுகிர்தம். என் கொழுந்தன் வீட்டுக்கு ஒரு சாசர் குடுத்தேன். போய்ப் பாத்தா, அதுல கோழிக்குத் தண்ணி வச்சிருக்காக."

இனி வழக்கத்தின் துணையை நாடுவது தவிர வேறு வழியில்லை. எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டிலிருந்து பலகாரம் வந்த பாத்திரம் அந்த வீட்டிற்கு வெறுமனே திரும்பாது. அதில் ஏதேனும் ஒன்றை வைத்துத்தான் கொடுக்க வேண்டும். வைப்பதற்கு உரிய பண்டம் சமைக்கும் வரை பாத்திரம் நம்மிடமே இருக்கலாம். இதை இரவல் என்று எவரும் கூறார்.

நான் என் பாத்திரத்தில் கொடுத்தனுப்பினால் என் பாத்திரமே திரும்பி வரும். ஆகவே திங்களன்று பணியாரத்தை வாழையிலையில் கட்டிக் கொடுத்தேன். பதிலுக்கு அன்று மாலையே முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்த வட்டலப்பம் வந்தது. எவர்சில்வர் தூக்கில் வந்தது. செவ்வாயன்று அத்தூக்கில் சுண்டலை நிரப்பித் திருப்பிவிட்டு, கொழுக்கட்டையை இலையில் கட்டிக் கொடுத்தேன். அதற்குப் பதிலாகச் சேமியா வந்தது. ஐஸ்கிரீம் டப்பாவில் வந்தது. இதனின்று நான் அறிந்தது யாதெனில், குழிவான பாத்திரத்தில் அடங்கும் பண்டத்தால் பயனில்லை என்பதே. அக்தர் பேகத்தின் தாயார் கேரளத்துக் குமுளியைச் சேர்ந்தவர். ஆதலால் அரிசிமாவுப் பத்திரி சுடுவதில் அக்தர் பேகத்தை வெல்ல ஆளில்லை. பத்திரி நிலவைப் போல் வட்டமானது, தட்டையானது.

புதனன்று டப்பாவை முறுக்கோடு திருப்பும்போது பேச்சை அப்பக்கம் திருப்பினேன்.

"உங்க பத்திரிய அந்த ரோஸ் தட்டுல வச்சா எம்புட்டு அழகா இருக்கும்! ஆனா சூடு தாங்குமோ என்னமோ. என்னுது தாங்கும்."

"ஏன், என்னுது மட்டும் தாங்காதா? உன்னுது மேகமலை, என்னுது என்ன குப்பமேடா? ரெண்டும் ஒரே மூட்டைல வந்ததுதேன்!"

வியாழக்கிழமை காலை ஆவி பறக்கும் பத்திரிகளோடு ஆறாவது ரோஸ் தட்டு என் கைக்கு வந்து சேர்ந்தது. அது சூட்டைத் தாங்கியது. நான்தான் மகிழ்ச்சியைத் தாங்க இயலாமல் கதவைச் சாத்திக்கொண்டேன்.

எனினும் புதியதோர் இடர் தோன்றியது. நல்ல பண்டம் எதையேனும் சமைத்தால் தட்டைத் திருப்பியாக வேண்டும். எனவே ஞாயிறு வரை எங்கள் வீட்டில் நல்ல பண்டம் எதுவும் சமைக்கப்படவில்லை. மூன்று வேளையும் ரசம். அப்பளம் பொரித்தால் மணம் வெளியேறும் என்பதால் அதுவும் நிறுத்தப்பட்டது.

"ஏன் புள்ள, வீட்டுல யாருக்கும் உடம்பு சரியில்லையா?" என்றார் கணவர்.

"எல்லாரும் நல்லாத்தேன் இருக்கோம்."

"நான் இல்ல" என்று கூறி அவர் தோட்டத்திற்குச் சென்றார்.

சனிக்கிழமை அக்தர் பேகம் எங்கள் வாசலில் நின்று காற்றை மோந்து பார்த்தார்.

"என்ன சுகிர்தம், மூணு நாளா உன் அடுப்பு மணக்கவே இல்ல?"

"ரசந்தேன்க்கா வைக்கிறேன். அத உங்க தட்டுல ஊத்தி எப்படிக் குடுக்க?"

ஞாயிறு வந்தது. பருப்பு, கூட்டு, வடை, நெய்யில் வறுத்த முந்திரியும் ஏலக்காயும் இட்ட பாயசம் ஆகியவை தயாராயின. ஆறு பேரும் வரிசையாக அமர்ந்தனர். ஆறு ரோஸ் தட்டுகளிலும் சோறு வெண்மேகம் போல் விளங்கியது. என் வாக்கு நிறைவேறியது. நான் சன்னலோரம் சாய்ந்து அக்காட்சியைப் பருகிக்கொண்டிருந்தேன்.

மலையம்மாள் தம் தட்டின் விளிம்பை விரலால் தடவினார்.

"மதினி, எங்களுக்கு நகை நட்டு ஒண்ணும் வேணாம். சீரோட இந்த ஆறு தட்டையும் வச்சிருங்க, போதும்."

கணவர் உடனே, "அதுக்கென்ன, தாராளமா!" என்றார். மூன்று நாள் ரசம் குடித்தவரின் குரல் அது.

எனக்கு மூச்சு நின்றது. ஆயினும் அறிவு நிற்கவில்லை.

"ஆறு ரெட்டப்படையாச்சே மதினி! சீர்த்தட்டு ஒத்தப்படையிலதேன வைக்கணும்? நல்ல காரியத்துல அப்படிச் செய்யலாமா?"

மலையம்மாள் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "ஆமா, அதுவும் சரிதேன்" என்று பெருமூச்சு விட்டார். என் தட்டுகள் தப்பின. அக்கணத்தில் வாசலில் ஒரு குரல் கேட்டது.

"தட்டு வரும் வரும்னு பாத்தேன். மணந்தேன் வருது."

அக்தர் பேகம் உள்ளே வந்தார். வரிசையைப் பார்த்தார். மாப்பிள்ளை கார்த்திக்ராஜின் முன்னே குனிந்து, பூவுக்குப் பக்கத்திலிருந்த சிறு காற்றுக்குமிழியைச் சுட்டிக் காட்டினார்.

"இது என்னுது. நீங்க சாப்பிடுங்க தம்பி, அவசரமில்ல. கரண்டியப் போட்டுச் சுரண்டாமச் சாப்பிடுங்க."

மாப்பிள்ளை கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்ப உங்களுது அஞ்சுதானா மதினி?" என்றார் மலையம்மாள். அவருடைய முகம் மலர்ந்தது. "அஞ்சு ஒத்தப்படை!"

மறுத்துக் கூறுவதற்கு எனக்கு எண் எதுவும் மிச்சமில்லை. அடுத்த மாதமே நிச்சயம் என்றும், அன்று ஐந்து தட்டுகளும் கூடலூர் செல்லும் என்றும் முடிவாயிற்று. வேல்விழி மட்டும் என் காதருகே வந்து, "அங்க வந்து பாத்துக்கம்மா, ஓடியா போயிரும்?" என்றாள்.

அவர்கள் சென்றபின் ஆறாவது தட்டைக் கழுவி, வடையும் அவர்கள் கொண்டுவந்திருந்த லட்டும் குவித்து, காத்திருந்த அக்தர் பேகத்திடம் கொடுத்தேன். அவர் அலமாரியையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அடியே, சீருக்குக் கேட்டாகன்னு எனக்கு ஒரு சாடை காட்டியிருந்தா நான் வாயே தொறந்திருக்க மாட்டேனே!" என்று மெய்யாகவே வருந்தினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அஞ்சுல ஒண்ணு கொறஞ்சா நாலு" என்று மட்டும் கூறிச் சென்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். கணவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு குழாயடியில் அமர்ந்திருந்தார். மற்ற ஐந்து தட்டுகளும் சோப்பு நுரையோடு அவர் கையில் வழுக்கிக்கொண்டிருந்தன. அவர் தொட்ட பாத்திரத்தில் நசுங்காதது இல்லை. எங்கள் வீட்டு எவர்சில்வரே அதற்குச் சான்று. வேறு நாளாயின் நான் அலறியிருப்பேன். அன்று கொடியில் காய்ந்த துணிகளை மெதுவாக, மிக மெதுவாக மடித்தேன். ஒரு சத்தத்திற்காகக் காதைத் தீட்டிக் காத்திருந்தேன்.

கால் மணி நேரம் கழிந்தது. அவர் ஐந்து தட்டுகளையும் துடைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மார்போடு அணைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"பாத்தியா புள்ள, ஒரு கீறல்கூட இல்ல!" என்றார், வாழ்நாளில் முதன்முறையாக.