பாதிப் படக்காரி

அவளுக்கும் பெற்றவர்கள் ஆசையாய் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். ஆனால் சலவைக்கூடத்தில் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்கமாட்டாள். ட்ரெய்லர் என்றால்தான் தெரியும். சின்னவர்களுக்கு ட்ரெய்லரக்கா.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் தரைத்தளத்தில் இருந்தது அந்தச் சலவைக்கூடம். மேல் மாடிகளிலிருந்து விரிப்பும் போர்வையும் மூட்டை மூட்டையாக வந்து விழும். ஒரு பக்கம் ஆள் உயர மெஷின்கள் சுழன்றுகொண்டே இருக்கும். இன்னொரு பக்கம் ரோலர். ஈர விரிப்பை இந்த முனையில் கொடுத்தால் அந்த முனையில் அப்பளமாய் வந்து விழும். கொடுக்கிறவளும் பாதி வெந்துதான் வீட்டுக்குப் போவாள். அதனால் ரோலர் முறை யாருக்கு வந்தாலும் அன்றைக்கு அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும்.

நடுவில் மடிப்பு மேசை. விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும் கண்ணுகளா. ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, உதறி, எதிரெதிரே நடந்து வந்து முனையோடு முனை சேர்த்து, மறுபடி விலகிப் போகவேண்டும். அந்த வேலையில் உள்ள சுகம் என்னவென்றால், பேச்சு நிற்கவே நிற்காது. கிட்டே வரும்போது ரகசியம், தள்ளிப் போகும்போது கூடத்துக்கே கேட்கிற பேச்சு.

வந்த படத்தைப் பற்றி எவள் வேண்டுமானாலும் பேசுவாள். வரப்போகிற படம்தான் ட்ரெய்லரின் ராஜ்ஜியம். ஒன்றரை நிமிஷ முன்னோட்டத்தைப் பார்த்துவிட்டு ஒன்றரை நாள் கதை சொல்லுவாள். டீ இடைவேளையில் சன்னலோரம் இருக்கிற ஒற்றை ஸ்டூல் அவளுக்கென்று எழுதாத சட்டம். மற்றவர்கள் துணி மூட்டைமேல் சாய்ந்துகொள்வார்கள்.

"அடுத்த மாசம் கப்பல் படம் ஒண்ணு வருது. கப்பல் பூரா சமையக்காரங்களாம். ஓட்டத் தெரிஞ்ச ஆள் ஒருத்தன்கூட இல்ல."

"வெளங்கும்."

"அதுக்குப் பின்னாடி ஒரு கெழவி படம். கல்யாணத்தன்னிக்கு மண்டபத்த விட்டு ஓடிப் போயிடுறா."

"யாரு கல்யாணத்தன்னிக்கு?"

"அவ கல்யாணத்தன்னிக்குத்தான்."

சிரிப்பில் மெஷின் சத்தமே அமுங்கிப் போகும்.

ஆனால் அந்த வருஷம் அவள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தது ஒரே ஒரு படத்துக்கு. பாலத்துப் படத்தின் இரண்டாம் பாகம். முதல் பாகத்தில், தாய் தகப்பன் இல்லாத தம்பி தங்கச்சியை இடுப்பிலும் தோளிலும் சுமந்துகொண்டு ஒரு அக்கா ஊர் ஊராய் நடப்பாள். அந்த அக்கா சிரித்தால் ட்ரெய்லர் சிரிப்பாள், அந்த அக்கா பட்டினி கிடந்தால் இவளுக்குச் சோறு இறங்காது. கூடப் பிறந்தவள்கூட அப்படி இல்லை.

"ரெண்டாம் பாகத்துல அக்காதான் எல்லாம்," என்றாள் ஒரு நாள், விரிப்பை உதறிக்கொண்டே. "தம்பி பெரியவனாயிட்டான்ல, அவனுக்கு ஒரு ஆபத்து வரும். அக்கா வந்து நிப்பா பாரு."

எதிர் முனையில் நின்றவள் நெட்டை. வருஷக்கணக்காய் இவளோடு ஜோடி போட்டு மடிப்பவள், உயரத்துக்குத் தகுந்த வாயும் உண்டு. பிடித்த முனையை அப்படியே விட்டாள்.

"எந்த அக்கா?"

"எந்த அக்கான்னா? அக்காதான்."

"அவதான் பாலத்துலேருந்து விழுந்து செத்துட்டாளேடி."

"விழுந்தா. கயித்தப் புடிச்சுத் தொங்கி, கை ரெண்டும் தோல் உரிஞ்சு, அப்புறம் ஏறிட்டாள்ல."

ரோலரில் நின்றவள்கூட எட்டிப் பார்த்தாள்.

"ட்ரெய்லரு," என்றாள் நெட்டை மெதுவாக, "நீ எந்தத் தியேட்டர்ல பாத்த?"

அங்கேதான் வந்தது வினை. ஏனென்றால் ட்ரெய்லர் அந்தப் படத்தைப் பாதிதான் பார்த்திருந்தாள். அந்தப் படத்தை மட்டும் இல்லை, பிள்ளைகள் பிறந்த பிறகு எல்லாப் படத்தையும் பாதிதான் பார்த்தாள்.

வீட்டில் இரண்டு பொடிசுகள். வேலை நேரத்துக்குப் பால்வாடி உண்டு, படத்துக்கு விட்டுவிட்டுப் போக ஆள் கிடையாது. தியேட்டரோ கூப்பிடு தூரம். அதனால் புருஷனும் பெண்டாட்டியும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஒரே டிக்கெட். முதல் பாதி அவளுக்கு, இரண்டாம் பாதி அவனுக்கு. இடைவேளை விட்டதும் ஓட்டமாய் ஓடிவந்து, வாசல்படியில் நின்றபடியே கதையை ஒப்பித்து, பாதி டிக்கெட்டைக் கொடுத்துவிட்டுப் பிள்ளையை வாங்கிக்கொள்வாள். அவன் ஓடுவான். படம் முடிந்து வந்து மிச்சத்தை அவன் சொல்லுவான். லிஃப்ட் மெக்கானிக் அவன். மற்ற நேரமெல்லாம் கேட்ட கேள்விக்கே பதில் வராது. படத்தின் பின்பாதி சொல்லும்போது மட்டும் எங்கிருந்துதான் அந்த வாய் வருமோ தெரியாது.

டிக்கெட் கிழிக்கிற பெரியவருக்கும் இது பழகிவிட்டது. "ஒரு சீட்டு, ரெண்டு தல," என்று சொல்லி உள்ளே விடுவார்.

அந்தப் பின்பாதியை டி.வி.யில் போட்டால்கூட அவள் எழுந்து போய்விடுவாள். உங்க பாதிய நான் திருட மாட்டேன், என் பாதிய நீங்க திருடக் கூடாது. அது அவர்கள் வீட்டுச் சட்டம். பாலத்துப் படம் வந்து ஊரே பேசியபோது அவள் கைக்குழந்தையோடு வீட்டில் இருந்தாள். அதற்குப் பிறகு யார் அந்த முடிவைப் பற்றிப் பேசினாலும் காதைப் பொத்திக்கொள்வாள். பொத்தின காதில் எது ஏறும்?

"என் வீட்டுக்காரரு பாத்தாரு," என்றாள் இப்போது. "அவரு பொய் சொல்லமாட்டாரு."

"நாங்க அத்தன பேரும் குருடா?"

"அக்கா வருவா. நான் சொல்றேன், வருவா."

"வரலன்னா?"

வாய் முந்திக்கொண்டது. "வரலன்னா இனிமே படத்தப் பத்தி வாயே தொறக்கமாட்டேன். அந்த ஸ்டூல நீ எடுத்துக்க. வந்துட்டா?"

"வந்துட்டா இந்த வெயில் காலம் பூரா உன் ரோலர் முறைய நான் பாக்குறேன்."

கூடமே சாட்சி.

அன்று சாயந்திரம் அவன் கை கழுவிக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள்.

"பாலத்துலேருந்து விழுந்தாளே, அக்கா. ஏறினாளா இல்லையா?"

அவன் சோப்பை மறுபடி எடுத்தான். கழுவின கையையே திரும்பவும் கழுவினான்.

"உங்களத்தான் கேக்குறேன்."

"படத்துல ஏறல," என்றான்.

ட்ரெய்லர் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை, அதற்கு முன்னால் வேறொன்று ஞாபகம் வந்தது.

"அப்ப அந்த நாய்ப் படத்துல வர்ற தாத்தாவோட நாயி? ரயிலுக்குப் பின்னாடியே ஓடிச்சே. வீடு வந்து சேந்துருச்சுன்னு சொன்னீங்களே."

அவன் துண்டைத் தேடினான். துண்டு தோளிலேயே கிடந்தது.

"நாயுமா?"

"நாயும்தான்."

"அடப்பாவி மனுஷா."

கொஞ்ச நேரம் கழித்து அவனும் அவளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். படக்கதை தவிர இவ்வளவு பேச்சை அவள் அவனிடம் கேட்டதே இல்லை.

"அன்னிக்கு நான் வீட்டுக்கு வர்றேன். நீ புள்ளைக்குக் காய்ச்சல்னு மடியில போட்டுக்கிட்டு உக்காந்திருக்க. கதவத் தொறந்ததும் புள்ளையப் பத்திக்கூடச் சொல்லல, அக்கா நல்லாருக்காளான்னு கேட்ட. நான் என்னத்தச் சொல்ல? நல்லாருக்கான்னேன்."

"அதுக்காக?"

"முழுப் பொய் இல்லம்மா. அந்தப் பாலத்துல ரெண்டு கயிறு. அறுந்தது மேல் கயிறு. கீழ்க் கயிறு அறுந்ததக் காட்டவே இல்ல. தினம் கயித்தோடயே கெடக்குறவன் நான், என் கண்ணுக்கு அது தப்புமா? அறாத கயிறு தொங்கிட்டுத்தான் இருக்கும். புடிச்சா உள்ளங்கை குறுக்க உரிஞ்சிடும், தழும்பு சாகற வரைக்கும் போகாது. ஆனா ஆள் பொழைக்கும். அவங்க காட்டாம விட்டத நான் சொன்னேன், அவ்வளவுதான்."

அவள் அவனை முறைத்தாள். முறைத்துக்கொண்டே யோசித்தாள். நாளைக்குப் போய், தெரியாமப் பேசிட்டேன்டி என்று நெட்டையிடம் சொன்னால் விஷயம் அதோடு முடியும். கேலி செய்வார்கள், ஸ்டூல் மிஞ்சும். ஆனால் அப்படிச் சொன்னால் அக்காவை இவளே தண்ணீரில் தள்ளிவிட்ட மாதிரி ஆகாதா? தன் புருஷனையும் சேர்த்துத் தள்ளின மாதிரி?

"பந்தயம் பந்தயம்தான்," என்றாள். "ஆனா ஒண்ணு. இந்தப் படத்த நான் முழுசாப் பாக்கணும். நீங்களும் பக்கத்துல இருக்கணும். யாரும் யாருக்கும் கதை சொல்ல வேண்டாம்."

பக்கத்துத் தெருவுக்குக் குடிவந்திருந்த நாத்தனார்தான் கை கொடுத்தாள். "போங்க அண்ணி, ரெண்டையும் நான் பாத்துக்கறேன். எங்கண்ணனுக்கு முதல் பாதின்னு ஒண்ணு இருக்கறதே தெரியாது, பாத்துட்டு வரட்டும்."

படம் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, பகல் ஆட்டம். சலவைக்கூடத்தில் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். நெட்டை முன்வரிசையில் உட்கார்ந்து பின்னால் இருந்தவர்களுக்குத் திரையை மறைத்துக்கொண்டிருந்தாள். பெரியவர் இரண்டு டிக்கெட்டையும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னம்மா இது, ரெண்டு தலைக்கு ரெண்டு சீட்டா? லாட்டரி எதுவும் விழுந்துச்சா?"

விளக்கு அணைந்தது. படம் பேர் போடுவதை அவன் வாயைத் திறந்துகொண்டு பார்த்தான். எத்தனையோ வருஷம் கழித்து அதைப் பார்க்கிறான் அல்லவா.

படத்தில் தம்பி வளர்ந்திருந்தான். சுவரில் அக்காவின் போட்டோ மாட்டியிருந்தது. அவள் பெயரைச் சொல்லும்போதெல்லாம் தங்கச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முதல் பாதி முழுக்க அக்கா போட்டோவில்தான் இருந்தாள்.

இடைவேளை மணி அடித்ததும் என்ன செய்தாள் தெரியுமா? படக்கென்று எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, விறுவிறுவென்று வாசலுக்கு நடந்துவிட்டாள். பழக்கம். பெரியவர்தான் கையை நீட்டி மறித்தார்.

"எங்கம்மா ஓடுற? உன் பாதி இன்னும் இருக்கு."

திரும்பி வந்தபோது நெட்டை காத்திருந்தாள்.

"ஸ்டூலத் தொடச்சு வச்சிடுடி. எனக்குக் கால் நீளம், கொஞ்சம் ஒசத்தி வேற போடணும்."

"படம் முடியட்டும்."

"போட்டோவுல பாத்தல்ல? இன்னும் என்ன?"

ட்ரெய்லர் புருஷன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பின்பாதியில் தம்பி எதிரிகளிடம் சிக்கி, மூழ்குகிற படகில் கட்டப்பட்டுக் கிடந்தான். ஆறு சுழித்துக்கொண்டு போகிறது. கரையில் பெரிய கிரேன் ஒன்று. அதை ஓட்டுகிறவரின் முகம் தெரியவில்லை. தொப்பி, கோட்டு, தடித்த கையுறை. கிரேனின் கயிறு கீழே இறங்கியது, ஆனால் கொக்கி படகுக்கு எட்டவில்லை. அந்த ஆள் கீழே குதித்து, கயிற்றைக் கையால் இழுக்க, ஈரக் கையுறை வழுக்கியது. பல்லால் கடித்துக் கையுறையை உருவி எறிந்தார்.

உள்ளங்கை. குறுக்கே தடித்த தழும்பு.

தியேட்டரில் ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஒரே ஒருத்தி எழுந்து நின்றாள்.

"அக்கா வந்துட்டா," என்றாள்.

"உக்காரும்மா," என்றது பின்னால் ஒரு குரல்.

"அது அக்கா. கையப் பாருங்க. கயித்தப் புடிச்ச கை."

முன்வரிசையில் நெட்டையின் தலை மெல்லத் திரும்பியது. அதே நேரம் திரையில் காற்றடித்துத் தொப்பி பறந்தது. நரை விழுந்த தலை, அதே கண், அதே சிரிப்பு. தம்பியைப் பார்த்து அக்கா கேட்டாள்: "ரொம்ப வளந்துட்டியே, உன்ன இனிமே இடுப்புல தூக்க முடியாதேடா."

கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி விசில். யார் யாரோ காகிதத்தைக் கிழித்துப் பறக்கவிட்டார்கள். சலவைக்கூடத்துப் பெண்கள் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு ட்ரெய்லரைப் பார்த்துக் கை தட்டினார்கள். உக்காரும்மா என்று சொன்ன ஆள் அவள் பின்னாலேயே நின்று விசிலடித்துக்கொண்டிருந்தார். அவள் அழுதாள், சிரித்தாள், புருஷன் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். அவன் கயிறு இழுத்துக் காய்த்துப்போன தன் உள்ளங்கையை ஒரு தடவை பார்த்துக்கொண்டான், அவ்வளவுதான்.

வாசலில் நெட்டை நின்றிருந்தாள். எல்லாரும் கேட்கும்படி, "ட்ரெய்லர் சொன்னா சொன்னதுதான். ரோலர் என்னுது," என்றாள். அப்புறம் குனிந்து இவள் காதருகே வந்தாள். "உன் வீட்டுக்காரருகிட்ட கேட்டுச் சொல்லுடி, அந்தக் கெழவி ஓடிப்போனவ எங்க போறா?"

மறுநாள் ரோலர் முனையில் நெட்டை ஆவியில் வெந்துகொண்டு நின்றாள். டீ வந்தது. ட்ரெய்லர் சன்னலோர ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து, கால்மேல் கால் போட்டுக்கொண்டாள். கப்பலா, கிழவியா, எது முதலில் என்று கேட்டார்கள்.

"ரெண்டும் இல்ல," என்றாள். "ஒரு நாய்ப் படம் இருக்கு. ரயிலுக்குப் பின்னாடி ஓடுச்சே, அந்த நாயி. ரெண்டாம் பாகம் இன்னும் எடுக்க ஆரம்பிக்கல."

"அந்த நாய்தான் செத்துருச்சே," என்றாள் வேலைக்குப் புதிதாய் வந்த ஒரு பெண், மூட்டைமேல் சாய்ந்தபடி.

கூடமே திரும்பி அந்தப் பெண்ணைப் பார்த்தது. முதலில் பேசியது ரோலர் பக்கத்திலிருந்து நெட்டைதான்.

"ஏய், பேசாம இரு. அவ சொல்லட்டும்."